கத்தரித் தோட்டத்தில் இனக்கவர்ச்சிப் பொறி: மூன்று மாத அனுபவம்

பாலக்கோடு பக்கம் எங்களுக்கு 30 சென்ட் கத்தரி. மருந்து அடிக்காத காய் என்று சொல்லித்தான் தருமபுரி உழவர் சந்தையில் விற்கிறேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்பது கத்தரி வைத்தவர்களுக்குத் தெரியும். காய் வெளியே பளபளவென்று இருக்கும். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரியும். நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு, சுற்றிலும் கறுத்த எச்சம். ஒரு வீட்டுக்கு அப்படி இரண்டு காய் போனால் மறுவாரம் அவர்கள் என் கடைக்கு வரமாட்டார்கள்.

ஆவணியில் நான்கு இனக்கவர்ச்சி நீர்ப்பொறிகள் வாங்கினேன். பொறி 130 ரூபாய், உள்ளே தொங்கவிடும் குப்பி தனியாக 50 ரூபாய். அந்தப் புழுதான் வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது. பெண் அந்துப்பூச்சியின் வாசனை குப்பியில் இருக்கிறது. அதைத் தேடி வரும் ஆண் பூச்சி கீழே தண்ணீரில் விழும்.

முதல் பத்து நாள் ஒன்றுகூட விழவில்லை. உறையை எடுத்துப் படித்த பிறகுதான் தெரிந்தது, கடையில் கொடுத்தது தக்காளிக் காய்ப்புழுவுக்கான குப்பி. ஒரு பூச்சிக்கான வாசனைக்கு இன்னொரு பூச்சி வராது. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் போன காய் போனதுதான். வாங்கும்போதே உறையில் ‘கத்தரி குருத்து, காய்த்துளைப்பான்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான குப்பியை மாட்டிய மறுநாள் காலையில் ஒரே பொறியில் ஒன்பது பூச்சிகள் மிதந்தன. வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டு, விரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. இவ்வளவு சிறியதா இத்தனை காயைக் கெடுத்தது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறியை மட்டும் நம்பக் கூடாது. இணை சேர்ந்த பெண் பூச்சி பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து முட்டையிடும்; அது பொறியில் விழாது. தலை தொங்கிய குருத்துகளை நானும் மாமியாரும் இரண்டு நாளைக்கொருமுறை புழுவோடு கிள்ளி எரிக்கிறோம். அந்த வேலைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பு 40 கிலோ பறித்தால் 14 கிலோ சொத்தை, மாட்டுக்குத்தான் போகும். இப்போது ஐந்து கிலோவைத் தாண்டுவதில்லை. பறிப்புக்கு ஒன்பது கிலோ கூடுதலாகச் சந்தைக்குப் போகிறது, வாரத்துக்கு இரண்டு பறிப்பு. பொறிக்குப் போட்ட பணம் முதல் மாதத்திலேயே திரும்பிவிட்டது.

குப்பியை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். வெயிலில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். ஊற்றும்போது ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டால் விழுந்த பூச்சி எழுந்து பறக்காது. தைப் பட்டத்துக்கு இன்னும் இரண்டு பொறிகள் வாங்கப்போகிறேன்.