ஈசி மீட்டரும் பிஎச் மீட்டருமாக 14 மாதம்: வேருக்கும் பொழுது தெரிகிறது

மண் இல்லாமல் லெட்டூஸ் வளர்க்க 20 லிட்டர் தொட்டி, ஈசி மீட்டர் (தண்ணீரில் எவ்வளவு உர உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது), பிஎச் மீட்டர் (கரைசல் அமிலமா காரமா என்று காட்டுவது), டைமர் போட்ட எல்இடி விளக்கு, ஒரு ஏர் பம்ப். மீட்டர்கள் இரண்டும் நல்லவைதான், ஆனால் எந்த நேரத்தில் அளக்க வேண்டும் என்று பெட்டியில் ஒரு வரி கூட இல்லை, என் முதல் மூன்று மாதம் அதிலேயே போனது.

விளக்கு அணைந்தபின் படுக்கப் போகும்போது ஈசி 1.4. விடிந்து பார்த்தாலும் அதே 1.4. செடி உரத்தைத் தொடவே இல்லையே என்று பயந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், இலை ஓரமெல்லாம் கருகியது. அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. வெளிச்சத்தில் இலை தயாரிக்கும் சர்க்கரை வேருக்கு இறங்க இறங்கத்தான் வேர் நைட்ரேட்டை (உரத்தில் உள்ள தழைச்சத்து) வேகமாக இழுக்கும். இருட்டினால் வேகம் குறையும், அடியோடு நிற்காது. இலைக்குப் போன நைட்ரேட்டை மாற்றும் நைட்ரேட் ரிடக்டேஸ் என்கிற நொதி, இருட்டிய சில நிமிடங்களிலேயே அடங்க ஆரம்பித்துவிடுகிறது.

இப்போது விளக்கு எரிய ஆரம்பித்ததும் ஒரு முறை, அணையும் முன் ஒரு முறை. முதலில் கோடு வரை தண்ணீர் விட்டுவிட்டுத்தான் அளக்கிறேன், ஏனென்றால் பகலில் செடி உப்பைவிடத் தண்ணீரை அதிகம் குடித்துவிட்டால் ஈசி ஏறித் தெரியும். என்னைக் கேட்டால் ஈசியைவிடப் பிஎச்சை அதிகம் நம்பலாம்: காலையில் 5.8, மாலையில் 6.2, இரவில் பெரிதாக நகராது. நைட்ரேட் உள்ளே போகப் போகக் கரைசல் காரப் பக்கம் சாய்கிறது. (அம்மோனியம் அதிகமுள்ள உரமென்றால் தலைகீழ்.)

சரி, இரவில் வேர் சும்மாதானே இருக்கிறது என்று நான் போட்ட கணக்குதான் பெரிய தப்பு. பம்ப்பின் உறுமலில் தூக்கம் வரவில்லை என்று அதையும் விளக்கின் டைமரிலேயே மாட்டினேன். இரண்டே வாரத்தில் வெள்ளை வேர் பழுப்பாகி, விரலால் தொட்டால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு உருவி வந்தது, கூடவே சாக்கடை வாடை. பகலில் சேர்த்த மாவுச்சத்தை இலை இரவெல்லாம் சர்க்கரையாக உடைத்து அனுப்புகிறது, வேர் அதை எரித்துத்தான் வளர்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டாமா? இப்போது பம்ப் 24 மணி நேரமும் ஓடுகிறது. அடியில் ஒரு பழைய ரப்பர் செருப்புத் துண்டு வைத்ததில் சத்தம் பாதி.

பறிப்பது மாலையில்தான், அப்போதுதான் இலையில் நைட்ரேட் குறைவு. நைட்ரேட் பட்டையில் (நைட்ரேட் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும் சோதனைத் தாள்) இலைச்சாறைத் தொட்டுப் பார்த்தால் காலை இலை நல்ல ஊதாச் சிவப்பு, மாலை இலை வெளிறிப்போய் இருக்கும்.

பிஎச் மீட்டரின் முனையை உலரவிடாமல் வைத்தும் ஒரு வருடத்தில் மந்தமாகிவிட்டது, மாற்றினேன். ஈசி மீட்டருக்கு இதுவரை பேட்டரி செலவு மட்டும்தான்.