6800 என்று அச்சடித்த செல், 4,320 ரூபாய் போச்சு: ஹெட்லைட்டுக்குப் பேட்டரி வாங்குபவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும், நம்ம நேரம்’ என்று விட்டுவிடுவோம், இந்த மாதிரி கடைக்காரர்கள் அதை நம்பித்தான் வியாபாரமே செய்கிறார்கள். தலையில் கட்டும் லைட்டுக்குப் போடுகிற, 18650 என்கிற அளவு லித்தியம் செல் எட்டு, ஒன்று 450 என்று 3,600 ரூபாய். கூடவே ஒரு சார்ஜர் 720. மொத்தம் 4,320 ரூபாய். எட்டில் ஒன்றுகூட உருப்படியில்லை. களியக்காவிளை தாண்டி கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மொபைல், டார்ச் உதிரிபாகக் கடை. பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

நாங்கள் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் விளை (தோட்டம்) குத்தகைக்கு எடுத்து ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் வெட்டுவோம். இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் வந்துவிட்டால் மரம் சுரப்பது குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே இறங்கியாக வேண்டும். பட்டையில் கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு முண்டாகிவிடும், பிறகு அதில் வெட்ட முடியாது. கீழே விரியன் கிடக்கிறதா, பன்றி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். லைட்டு எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, கத்தியும் சிரட்டையும் போல வேலைக்கான சாமான்.

லைட்டோடு வந்த பழைய செல்கள் நன்றாகத்தான் உழைத்தன. நல்ல லித்தியம் செல் 300 முதல் 500 தடவை சார்ஜ் ஏற்றி இறக்குகிற வரைக்கும் தாங்கும், அதற்குப் பிறகு உடனே செத்துப்போகாது, கொள்ளளவு 80 சதவீதம் அளவுக்குக் குறைந்து, பிறகு மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு என்றால் வருஷத்துக்கு 180 தடவைக்குள்தான் சார்ஜ், மழைக்கு நிற்கிற நாட்களைக் கழித்தால் இன்னும் குறைவு. ஆக இரண்டு வருஷம் தாராளமாக வர வேண்டும். வந்தது. பிறகு வெளிச்சம் மங்க ஆரம்பித்தது, மாற்றலாம் என்று போனோம்.

கடையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. உரிமையாளரே உட்கார்ந்திருந்தார். நாங்கள் பால்வெட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும் ரொம்ப மரியாதை. பச்சை உறை போட்ட செல்லை எடுத்து வைத்தார், அதில் பெரிதாக 6800 எம்.ஏ.ஹெச். என்று அச்சு, செல்லுக்குள் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்கிற கொள்ளளவுக் கணக்கு அது. “இது வெளிநாட்டுல இ-சிகரெட்டுல போடுற செல்லு சேச்சி, ஒரு இழுப்புக்கே எவ்வளவு கரண்ட் வேணும் தெரியுமா, அதையே தாங்குது, உங்க லைட்டெல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்ல” என்றார். பிறகு மீட்டரை எடுத்து ஒவ்வொரு செல்லாக வைத்துக் காட்டினார். 4.1 வோல்ட், 4.12, 4.1. எட்டையும் காட்டினார். “கண்ணால பார்த்தீங்கல்லோ, ஆறு மாசம் கேரண்டி, ஒண்ணும் பேடிக்கண்டா (பயப்பட வேண்டாம்)” என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ‘6 மாசம்’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். முன்னால் வைத்து அளந்து காட்டுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? எடுத்துக் கொடுத்தோம் 4,320 ரூபாய்.

அந்த மீட்டர் காட்டியதில் பொய் இல்லை, அதுதான் இதில் உள்ள சூது. லித்தியம் செல் புதுசோ பழசோ, முழுக்க சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட் வரை காட்டும். கிழவனாகிப்போன செல்லும் சும்மா இருக்கும்போது அதே 4.1 காட்டும். சுமை கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும், வோல்ட் சடசடவென்று இறங்கும். உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று வோல்ட் மீட்டர் சொல்லவே சொல்லாது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

முதல் நாளே தெரிந்துவிட்டது. மேல்வரிசை மரங்களைக்கூட முடிக்கவில்லை, என் லைட்டு மங்கி, கண் சிமிட்டி, அணைந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரருடையதும் போய்விட்டது. மாற்றுச் செல் போட்டோம், அதுவும் அதே கதை. போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தோம், பாதி மரம் வெட்டாமலே நின்றது. வீட்டில் சார்ஜில் போட்டால் அரை மணி நேரத்துக்குள் பச்சை விளக்கு எரிகிறது. அந்தச் சின்ன சார்ஜர் உண்மையான 6800-ஐ நிரப்ப வேண்டுமானால் ராத்திரி முழுக்க ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு செல் சார்ஜரிலேயே கை வைக்க முடியாத சூடு. வயரைப் பிடுங்கி, அந்தச் செல்லை முற்றத்தில் மணல் வாளியில் கொண்டுபோய் வைத்தார் வீட்டுக்காரர்.

போன் போட்டால் முதலில், “சார்ஜ் சரியா ஏறியிருக்காது சேச்சி, நாலு தடவை முழுசா இறக்கி ஏத்துங்க, செட்டாகும்.” இது அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம், லித்தியத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, அடியோடு இறக்குவது அதற்குக் கெடுதல். பிறகு, “கம்பெனி ஆள் வருவான், அவன்கிட்ட கொடுத்து மாத்தித் தர்றேன்.” நேரில் போனால் உரிமையாளர் இல்லை, கவுண்டரில் ஒரு பையன், “முதலாளி திருவனந்தபுரம் போயிருக்கு.” வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மறுபடி பிடித்தபோது குரலே மாறிவிட்டது: உங்கள் லைட்டில்தான் ஷார்ட், பேட்டரிக்கு எங்கேயும் வாரண்டி கிடையாது, கார்டில் எழுதியது சார்ஜருக்கு மட்டும். “பில் இருக்கா?” என்று என்னிடமே கேட்கிறார்! அவர் கொடுத்தது ஜி.எஸ்.டி. எண்ணோ கடைப் பெயரோ இல்லாத துண்டுச் சீட்டு. கடைசியில் சொன்னதுதான் மனதை அறுக்கிறது. “நீங்க தமிழ்நாட்டுல போய் கம்ப்ளைண்ட் கொடுத்தா எனக்கென்ன?” 4,320 ரூபாய் எங்களுக்கு எத்தனை மரத்துப் பால் என்று அவருக்குத் தெரியும், அந்த ஊரிலும் ரப்பர்தான்.

அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். கொள்ளளவு அளக்கும் சார்ஜரை நண்பனிடம் வாங்கி வந்து ஏழு செல்லைப் போட்டுப் பார்த்தான். நல்லதாக வந்த ஒன்றே 1,100-ஐத் தாண்டவில்லை, இரண்டு 600-க்கும் கீழே. சூடான செல்லை அவன் சோதிக்க மறுத்துவிட்டான், அது சரிதான். பிறகு ஒன்றின் பச்சை உறையைப் பார்த்துப் பார்த்து உரித்தான். அடித்தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கருகின தழும்பு, அதன்மேல் அரத்தால் தேய்த்த கோடு. லேப்டாப் பேட்டரிக்குள் செல்களைத் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள், அந்தத் தகட்டைப் பிய்த்த இடம் அது. யாரோ தூக்கிப்போட்ட லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டு 450 ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

என் தம்பி துபாயில் இருக்கிறான். அங்கே 2019-லிருந்து இ-சிகரெட் விற்க அனுமதி உண்டு, நம் நாட்டில் அதே 2019-ல் சட்டம் போட்டு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், விற்பதும் குற்றம். அவன் அந்தச் சனியனை இழுக்கிறான், அதற்காக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது வேறு விஷயம். போனில் இந்தக் கதையைச் சொன்னதும், “அக்கா, 18650-ல 6800-ன்னு ஒண்ணு உலகத்திலேயே கிடையாது” என்றான். 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த அளவுக்குள் பெரிய கம்பெனிகள் வழக்கமாக அடைப்பது 3,500, 3,600 அவ்வளவுதான். அதுவும் அவனுடைய கருவிக்கு ஆகாது, ஏனென்றால் கொள்ளளவு கூடினால் ஒரே நேரத்தில் தரக்கூடிய கரண்ட் பொதுவாகக் குறையும். அவன் போடுவது 2,500-லிருந்து 3,000 வரைக்கும், தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்குகிற வகை. சாம்சங் 25ஆர், எல்.ஜி. எச்.ஜி.2 என்று கம்பெனித் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் வாங்குவானாம். தினம் சார்ஜ் போடுவதால் அவனுக்கு ஒரு வருஷம், கூடினால் ஒன்றரை, அதற்குமேல் இழுவை குறைந்துவிடும் என்றான். இரண்டு செல் போடுகிற கருவி என்றால் இரண்டையும் சேர்த்தே வாங்கி, சேர்த்தே சார்ஜ் போட்டு, சேர்த்தே மாற்ற வேண்டும், பழசும் புதுசும் கலந்தால் பலவீனமானதின் தலையில் சுமை விழும். எங்கள் ஹெட்லைட்டுக்கும் அதே கணக்குதான், ஆனால் அதற்கு 20 ஆம்பியர் தேவையே இல்லை. கொள்ளளவு அதிகமுள்ள சாதாரண வகையே போதும். இ-சிகரெட் பேச்சை எடுத்ததே எங்களை மலைக்க வைக்கத்தான்.

எடை பார்த்து வாங்கு என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். நல்ல செல் 45 கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும், உள்ளே சின்ன செல்லை வைத்து ஏமாற்றுவது 30 கிராம்கூட வராது. அதைப் பிடிக்க எடை உதவும். எங்களுக்கு வந்த மாதிரி பழைய லேப்டாப் செல் என்றால் எடை சரியாகவே காட்டும்.

‘தமிழ்நாட்டில் கொடுத்தால் என்ன’ என்றாரே, அதற்குப் பதில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், எங்களுக்கு அது நாகர்கோவில். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அங்கே பதிந்தாயிற்று, அடுத்தது ஆணையம்தான். வாட்ஸ்அப் பேச்சு, கார்டின் இரண்டு பக்கம், உரித்த செல்லின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். விடியற்காலை வேலைக்குப் போக வேண்டும், இவ்வளவுதான் முடிகிறது. 3,600-க்கு மேல் அச்சடித்த 18650 என்றால் தொடவே தொடாதீர்கள். மீட்டரில் வோல்ட் காட்டினால் மயங்காதீர்கள், கொள்ளளவு அளந்து காட்டச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். உறை கிழிந்த செல்லைப் போடவே போடாதீர்கள், அதன் உடம்பு முழுக்க நெகட்டிவ், மேல்முனை மட்டும்தான் பாசிட்டிவ், இரண்டும் உரசினால் தீ. அதே காரணத்துக்காகச் சாவி, சில்லறையோடு மடியிலோ பையிலோ வெறுமனே போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஐம்பது ரூபாய்க்குள் பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது. தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் நல்லதுதான், ஆனால் அது 68, 70 மில்லிமீட்டர் வரை நீளும், உங்கள் லைட்டின் பெட்டிக்குள் போகுமா என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.