“படிப்புச் செலவு எங்களுடையது” என்கிற கிளினிக்குகள்: கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

தனியார் பிசியோதெரபி கிளினிக்கில் சேரப் போகிறவர்கள் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், அந்தக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

“தொடர்கல்விச் செலவை நிர்வாகமே ஏற்கும்” என்ற ஒரு வரியை நம்பி, மற்ற இடங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குத் தலையாட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வரி கடிதத்திலும் அதன் நிபந்தனைகள் வேறொரு கையேட்டிலும் இருந்தால், பணம் கைக்கு வருவது கஷ்டம். வந்தாலும் வேலையை விடுகிற நாளில் திரும்பிப் போய்விடும்.

ஒரு பெண் பிசியோதெரபிஸ்டுக்கு நடந்தது இது. ஆண்டுக்கு இவ்வளவு கல்விப் படி (படிப்புச் செலவுக்கான தொகை) என்று கடிதத்தில் தொகையே போட்டிருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில் “நிர்வாகக் கொள்கைக்கு உட்பட்டது” என்று ஒரு வரி. சேர்ந்த மூன்றாம் மாதம், கழுத்து வலிக்கான மேனுவல் தெரபி (கையால் செய்யும் சிகிச்சை) பயிலரங்கு ஒன்றுக்குப் போகக் கேட்டார். தகுதிகாண் காலம் முடியட்டும் என்றார்கள். ஆறு மாதம் முடிந்து மறுபடி கேட்டதும், கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள், சான்றிதழ் வந்ததும் தருகிறோம் என்றார்கள். கைக்காசைப் போட்டுக் கட்டினார். வகுப்பு சனி, ஞாயிறு, பயணம் வெள்ளிக்கிழமை. வெள்ளியும் சனியும் கிளினிக் வேலை நாள் என்பதால் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கணக்காண்டு முடிந்திருந்தது. “இது புது ஆண்டுத் தொகையில்தான் வரும்” என்றார்கள். பழைய ஆண்டின் தொகை அப்படியே காலாவதி.

அடுத்த ஆண்டு அவர் ராஜினாமா செய்தார். கடைசி செட்டில்மென்ட் தாளில் அந்தப் பயிலரங்குக் கட்டணம் முழுவதும் கழிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே “உள்பயிற்சி” என்று பதினொரு வரிகள். புதன்கிழமை மாலைகளில் சீனியர் ஒருவர் எல்லோரையும் உட்காரவைத்து எடுத்த வகுப்புகள் அவை. வராவிட்டால் விளக்கம் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு “மதிப்பு” போட்டு அதையும் கழித்திருந்தார்கள். கடைசி மாதச் சம்பளத்தில் பாதிகூட மிஞ்சவில்லை. அவ்வளவும் கையேட்டில் இருந்தது. அந்தக் கையேடு அவர் கைக்கு வந்ததோ வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து.

இதில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பாண்டில்தான், அதனால் அதை முதலில் பாருங்கள். “பயிற்சி முடிந்து 24 மாதத்துக்குள் விலகினால் தொகையைத் திருப்பித் தர வேண்டும்” என்று இருக்கும். மாதாமாதம் குறைந்துகொண்டே வருமா, 24-ஆம் மாதம் வரை முழுத்தொகையாகவே நிற்குமா என்று கேளுங்கள். மாதாமாதம் குறைவதாக இருந்தால் 18 மாதம் முடித்துவிட்டு விலகுகிறவர் கால் பங்குதான் கட்ட வேண்டும். இல்லையென்றால் 23-ஆம் மாதம் விலகினாலும் முழுத்தொகை. அடுத்து, கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். வகுப்பு முடிந்த தேதியா, அவர்கள் பணம் கொடுத்த தேதியா? பணத்தை நாலு மாதம் இழுத்தடித்துக் கொடுத்தால் பாண்டும் நாலு மாதம் நீளும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கெடு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 1, 7, 13-ஆம் மாதங்களில் மூன்று வகுப்புகளுக்குப் போனால், கடைசிக் கெடு 37-ஆம் மாதத்தில்தான் தீரும். இரண்டு வருட பாண்ட் என்று நினைத்தவர் மூன்று வருடம் தாண்டியும் கட்டுண்டு கிடப்பார்.

“விலகினால்” என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்திருக்கிற விளக்கத்தையும் படியுங்கள். ஆட்குறைப்பில் அவர்களே அனுப்பினாலும், கிளினிக்கை வேறொருவருக்கு விற்றாலும், நீங்கள்தான் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதிய பாண்டுகள் உண்டு. அவர்கள் அனுப்பினால் பாக்கி பூஜ்யம் என்று ஒரு வாக்கியம் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டாய உள்பயிற்சியைக் கல்விப் படியில் கழிக்கவே கூடாது. அது கிளினிக் தன் வேலைக்காக நடத்துவது, உங்களுக்குக் கொடுக்கிற சலுகை அல்ல. அமெரிக்காவில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு இதில் தெளிவான விதி இருக்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், வருவதும் வராததும் அவர் விருப்பமாக இருக்க வேண்டும், வேலையோடு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது, அந்த நேரத்தில் வேறு வேலை வாங்கக் கூடாது. இந்த நான்கும் சேர்ந்து இருந்தால்தான் பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்று சொல்ல முடியும். மேலே சொன்ன புதன்கிழமை வகுப்பு அதில் தேறாது.

இன்னொரு இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. வாரம் 5 நாளில் 60 நோயாளி அமர்வுகள் இலக்கு என்று வையுங்கள், அதாவது ஒரு நாளைக்கு 12. இரண்டு நாள் வகுப்புக்குப் போனால் அந்த வாரத்தின் நியாயமான இலக்கு 36. ஆனால் ஊக்கத்தொகை போடும்போது 60-ஐ அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். மீதி மூன்று நாளில் தினம் 20 பேரைப் பார்த்தால்தான் அதை எட்ட முடியும், அது நோயாளிக்கும் கெடுதல். எட்டாததால் போகிற ஊக்கத்தொகை சில சமயம் வகுப்புக் கட்டணத்தையே விழுங்கிவிடும். பயிற்சி நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்பதோடு நிற்காமல், இலக்கு குறையுமா என்றும் கேளுங்கள்.

கிரெடிட் (பதிவைப் புதுப்பிக்கக் காட்டும் படிப்புக் கணக்கு) விஷயத்தில் கிளினிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது, வகுப்பு நடத்துகிறவர்களும் குழப்புகிறார்கள். பொதுவான அளவுகோலில் 1 சி.இ.யூ. (தொடர்கல்வி அலகு) என்பது 10 மணி நேரம். எட்டு மணி நேர வகுப்புக்கு 0.8 தான். விளம்பரத்தில் “8 கிரெடிட்” என்று இருந்தால் மணியா சி.இ.யூ.வா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்குக் குறைந்தது 20 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்ட வேண்டும். பிரிட்டனில் மணிக்கணக்கு கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து, என்ன படித்தீர்கள், அதனால் சிகிச்சையில் என்ன மாறியது என்று ஆதாரம் கேட்பார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியாவில் பிசியோதெரபிஸ்ட் டிரை நீடிலிங் (தசையில் மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சை) செய்ய அனுமதியே இல்லை. அங்கே வேலை பார்ப்பவரை அந்த வகுப்புக்கு அனுப்பி கல்விப் படியைக் கழித்தால் யாருக்கு என்ன லாபம்? கருவி விற்கிறவர்கள் நடத்தும் செயல்விளக்கம், பில்லிங், மார்க்கெட்டிங் வகுப்புகளை உங்கள் பதிவு வாரியம் ஏற்காமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்பே வாரியத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆன்லைன் வகுப்புச் சந்தா ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு அதுதான் கல்விப் படி என்று தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. வேலையை விட்ட அன்றே அந்தக் கணக்கு முடக்கப்படலாம், சான்றிதழ்களும் அதோடு போய்விடும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சான்றிதழை இறக்கிச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள், கிளினிக் மின்னஞ்சலில் வைக்காதீர்கள்.

“வாரம் ஒரு மணி நேரம் சீனியர் வழிகாட்டுதல்” என்று சொன்னால், அந்த நேரம் அப்பாயின்ட்மென்ட் அட்டவணையில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கே வேலை பார்க்கிற ஒருவரிடம் கேளுங்கள். அடைக்காத நேரத்தில் நோயாளியைப் போட்டுவிடுவார்கள். உதவியாளர்களும் பகுதிநேர ஊழியர்களும், தங்களுக்கும் படி உண்டா, எந்த விகிதத்தில் என்று தனியாகக் கேட்க வேண்டும். “ஊழியர்கள் அனைவருக்கும்” என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: ஆண்டுத் தொகை, எந்தத் தேதியிலிருந்து உரிமை, அனுமதி தருகிறவர் யார், பத்து வேலை நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்ற வாசகம். கட்டணத்தைக் கிளினிக்கே நேரடியாகக் கட்டுவது நல்லது; முடியாது என்றால் ரசீது கொடுத்த 15 நாளில் பணம். சொந்த விடுப்பில் கழிக்காத, சம்பளத்தோடு கூடிய பயிற்சி நாள்கள் எத்தனை. செலவாகாத தொகை ஓராண்டாவது நீடிக்க வேண்டும். பாண்ட் நீங்களாகத் தேர்ந்தெடுத்த வகுப்புக்கு மட்டும், மாதாமாதம் குறைவதாக, வகுப்பு முடிந்த தேதியிலிருந்து 12 மாதம். கையேட்டையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் கல்விப் படியைப் பூஜ்யம் என்று வைத்துச் சம்பளத்தைப் பேசுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டு விலக நினைக்கிறவர்கள், ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள்: வகுப்புத் தேதி, கட்டணம், யார் கட்டினார்கள், பணம் திரும்பி வந்த தேதி, பாண்ட் முடியும் தேதி. சில வாரம் தள்ளிப்போட்டாலே ஒரு பாண்ட் முடிந்துவிடலாம். செட்டில்மென்ட் தாளில் மொத்தமாக ஒரு தொகையைக் கழித்திருந்தால், வகுப்புவாரியாகப் பிரித்து, ரசீது நகலோடு எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை “பாக்கி எதுவும் இல்லை” என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்று நெருக்கினால், “கழித்த தொகையை ஏற்கவில்லை” என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதி போட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.