பினாங்குல லாயர் தேடுறீங்களா? பிஷப் ஸ்ட்ரீட் மாடி ஆபீஸ் பத்தி

5க்கு 4 ஸ்டார். வீடு வாங்குறது, சொத்து பிரிக்கிறது, டிவோர்ஸ், ஆக்சிடென்ட் கேஸ்னு எல்லாத்தையும் ஒரே மேடம் பார்க்கிற சின்ன ஆபீஸ், கூட ஒரு கிளார்க், ஒரு சேம்பரிங் பொண்ணு (லாயர் ஆகுறதுக்கு முன்னாடி பயிற்சி எடுக்கிறவ), அவ்ளோதான். எல்லாத்தையும் தொடுறவங்களுக்கு எதுவும் முழுசா தெரியாதுனு மாமா இழுத்தாரு, எனக்கு அப்படி தோணல.

அப்பா உயில் எழுதாம போயிட்டாரு. ஆயர் ஈத்தாம்ல ஒரு வீடு, கொஞ்சம் பேங்க் காசு. எல்லாம் அம்மாவுக்குத்தானேனு கேட்டோம், மேடம் உடனே "பாட்டி இருக்காங்களா?"னு திருப்பிக் கேட்டாங்க. 1958 டிஸ்ட்ரிபியூஷன் சட்டப்படி மனைவிக்கு கால் பங்கு, பிள்ளைங்களுக்கு பாதி, பெத்தவங்களுக்கு கால், அப்போ பாட்டிக்கும் பங்கு உண்டு, நம்ம வீடுகள்ல முக்கால்வாசி சண்டை இது தெரியாமதான் வருதுனு நினைக்கிறேன். அப்புறம் சொன்னாங்க பாருங்க, உயில் இல்ல, வீடு இருக்கு, மதிப்பும் வரம்புக்குள்ள, அதனால ஹைகோர்ட் வேணாம், லேண்ட் ஆபீஸ்ல புசாகா கெச்சில் (சின்ன சொத்து பங்கீடு) யூனிட்டுக்கு நீங்களே போய் மனு போடுங்க, லாயரே தேவையில்லனு. என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்னு எழுதியும் குடுத்தாங்க, வாங்கினது கன்சல்டேஷன் காசு மட்டும்.

அதனாலதான் அக்கா வீடு வாங்குற அக்ரிமென்ட்டும் (எஸ்என்பி) இங்கயே குடுத்தோம். ஃபீஸ் அவங்க இஷ்டத்துக்கு போடுறதில்ல, அட்டவணை இருக்கு, முதல் 500,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) 1.25 சதவீதம், 400,000 வெள்ளி வீட்டுக்கு 5,000. சர்விஸ் டேக்ஸ், ஸ்டாம்ப் டியூட்டி, நிலப் பதிவு தேடிப் பார்க்கிற காசு எல்லாம் தனி, பில்லுல பிரிச்சு காட்டினாங்க.

அக்கா மகள் லா படிக்கணும்ங்கிறா, அதனால மேடம்கிட்ட கேட்டேன். லண்டன் எக்ஸ்டர்னல் எல்எல்பிய இங்கயே பிரைவேட் காலேஜ்ல முடிச்சு, சிஎல்பிங்கிற லாயர் தகுதிப் பரீட்சை 5 பேப்பர் எழுதி, 9 மாசம் சேம்பரிங், அப்புறம் ஹைகோர்ட்ல லாயரா சேர்த்துக்குவாங்க, அதுக்குப் பேரு "கால்". யூஎம், யூகேஎம் மாதிரி இங்க உள்ள அரசு யூனிவர்சிட்டில படிச்சா சிஎல்பி வேணாமாம். இங்க சொலிசிட்டர் தனி, கோர்ட் லாயர் தனினு கிடையாது, கால் ஆனா ரெண்டுமே செய்யலாம், அதான் காலைல செஷன்ஸ் கோர்ட்ல ரன்னிங் டவுன் கேஸ் (ரோடு ஆக்சிடென்ட்), மதியம் வீட்டு அக்ரிமென்ட்னு இவங்க ஓடுறாங்க. "காலேஜ்ல சட்டம் படிச்சேன், வேலை படிச்சது சேம்பரிங்ல ஃபைல் தூக்கிட்டு ஓடினப்போதான் தம்பி"ன்னாங்க. முதல் பேச்சுல நம்ம விவரத்த எழுதிக்கிறதும் சேம்பரிங் பொண்ணுதான், எனக்கு முதல்ல எரிச்சலா இருந்துச்சு, ஆனா அவ எழுதினதுல ஒரு தேதி கூட தப்பில்ல.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, வாட்சப் போட்டா பதில் சாயந்திரம்தான், சில நாள் அதுவும் இல்ல, கிளார்க்க புடிக்கணும். பார்க்கிங் சுத்தமா கிடைக்காது. படி ரொம்ப செங்குத்து, பாட்டியால ஏற முடியல, மேடமே இறங்கி வந்து கீழ காப்பிக்கடைல உட்கார்ந்து பேசினாங்க, அதுக்கு அரை ஸ்டார் திருப்பிக் குடுக்கலாம்.

மச்சானோட மசாலா கம்பெனி டிரேட்மார்க் விஷயம் கேட்டதுக்கு, அது என் வேலை இல்லனு கேஎல்ல ஒரு லாயர் நம்பர் குடுத்து அனுப்பிட்டாங்க. போறவங்க மதியம் 2 மணிக்கு மேல போன் பண்ணிட்டு போங்க, ஐசியும் (அடையாள அட்டை) வீட்டு கிராண்ட் (நிலப் பட்டா) காப்பியும் கையோட எடுத்துட்டு போங்க.