வேலூர் வெயிலுக்கு பிலிமா, டிஜிட்டலா?

பிலிம் கேமரா, டிஜிட்டல் கேமரா இரண்டையும் மோதவிட்டுப் பார்க்கக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் தோதான இடம். வெளியே கருங்கல்லில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசும். கல்யாண மண்டபத்துக்குள் போனால் யாளித் தூண்களுக்கு நடுவே அரை இருட்டு.

உள்ளே டிஜிட்டல்தான், அதில் பேச்சே இல்லை. 400 ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு) ரோல் போட்டிருந்தால் ஷட்டர் 1/8 நொடிக்கு இறங்கிவிடும். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் படம் ஆடிப்போகும். டிஜிட்டலில் 6400 வைத்தால் அதே வெளிச்சத்துக்கு 1/125 கிடைக்கிறது.

வெளியே வந்தால் கதை கொஞ்சம் மாறும். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரை எடுத்துப் பாருங்கள். டிஜிட்டலில் வெளிச்சம் எல்லை தாண்டிவிட்டால் வேட்டியின் மடிப்பெல்லாம் போய் வெறும் வெள்ளைதான் மிஞ்சும். கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் திரும்ப வராது. நெகட்டிவ் பிலிம் இரண்டு ஸ்டாப் கூடினாலும், அதாவது வெளிச்சம் நான்கு மடங்கானாலும் தாங்கும். (நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகவே படம் விழும் ஸ்லைடு பிலிமுக்கு இந்தப் பெருமை கிடையாது, அது படு கறார்.) ஆனால் இன்றைய சென்சாரில் வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டு, நிழல் பகுதியைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். அதனால் இந்த ஒரு சாதகமும் தேய்ந்துகொண்டே வருகிறது.

பழைய வட ஆற்காட்டிலேயே இந்தப் போட்டி எப்போதோ முடிந்துபோன இடம் ஒன்று உண்டு. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம்தான் அது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே திறக்கப்பட்டது. வந்து விழும் நூறு ஒளித்துகளில் ஒன்றிரண்டைத்தான் பிலிம் பிடிக்கும். சிசிடி என்கிற டிஜிட்டல் சென்சார் பாதிக்கு மேல் பிடித்துவிடும். போதாக்குறைக்கு, ஒளி வாங்கும் நேரம் நீள நீள பிலிமின் உணர்திறன் மங்கும். நட்சத்திரம் பார்ப்பவர்கள் பிலிமுக்காகக் கண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள்.

கல்யாண வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாலி கட்டி முடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் படம் கேட்கிறார்கள்.

அப்படியென்றால் பிலிம் செத்துவிட்டதா? இல்லை. 2012-ல் திவால் மனு போட்ட கோடக்கின் ரோல் இன்னும் கிடைக்கிறது. 2024-ல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கேமராவையே இறக்கியது. ஊட்டியில் 'இந்து' பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்தான் போய்விட்டது. கேமராவும் ரோலும் கிடைத்தாலும், கழுவிக் கொடுக்க ஆள் வேண்டுமே. கலர் ரோலுக்கு டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) 38 டிகிரியில் இம்மி பிசகாமல் நிற்க வேண்டும். அதற்கான லேப் பக்கத்தில் இல்லையென்றால் கூரியரில்தான் அனுப்ப வேண்டும்.

கருப்பு வெள்ளை அப்படி இல்லை, வீட்டிலேயே கழுவலாம். அதற்கு 20 டிகிரி தண்ணீர் போதும். அந்த 20 டிகிரிக்குத்தான் வேலூரில் பாடு! மே மாதம் மாடி டேங்க்கிலிருந்து வருவது வெந்நீர். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் உட்கார வைக்க வேண்டும். கடைசியில் அலசும் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்க வேண்டும். சட்டென்று மாறினால் பிலிமின் ஜெலட்டின் பூச்சு சுருங்கிப் படம் முழுக்க வலை போலக் கோடு விழும். இவ்வளவு மெனக்கெடச் சிலர் எப்போதும் இருப்பார்கள். அதனால் இந்தப் பக்கம் பிலிம் பிழைத்தால் கருப்பு வெள்ளையாகத்தான் பிழைக்கும், கலர் முதலில் போய்விடும் என்பது என் கணிப்பு.

பத்திரப்படுத்துவதில் மட்டும் நெகட்டிவ் பக்கம் சாய்கிறேன். பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொண்டால், பேரன் காலத்திலும் பல்புக்கு நேரே பிடித்து முகத்தை அடையாளம் காணலாம். ஹார்ட் டிஸ்க் போனால் போனதுதான். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் டிஜிட்டலே வாங்கட்டும், வருடத்துக்கு ஒரு ஆல்பமாவது பிரிண்ட் போடட்டும். பிலிம் ஆசை விடாதவர்கள் ரோலை பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.