ஒற்றைக் கோழிக்கு நாம் துணையா, இன்னொரு கோழியா?

கடலூர் முதுநகரில் எங்கள் கொல்லையில் இரண்டு நாட்டுக்கோழிகள் இருந்தன. ஒன்றைக் கீரி கொண்டுபோனது. மிஞ்சியவள் ஆள் நகர்ந்தாலே கத்துகிறாள். கோழி கூட்டமாக வாழ்கிற உயிர்.

நாமே துணையாக இருப்பது ஒரு வழி. ஆட்கள் நடமாடும் இடத்தில் மேயவிட வேண்டும். புழுதி குளிக்கச் சாம்பல் கலந்த மணல், கிளற இலைச்சருகு, தொங்கவிட்ட கீரைக்கட்டு இருந்தால் பகல் ஓடிவிடும். ஆனால் அந்தியில் அடையும்போது ஒட்டி உட்கார இன்னொரு உடம்பு இல்லையே! மார்கழிப் பனியில் அவள் தனியாக ஒடுங்கியிருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் வேலைக்குப் போகிற வீட்டில் இந்த வழி சரிப்படாது.

இன்னொரு பெட்டை வாங்கினால் உடனே ஒன்றாக விடக்கூடாது. வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் ஒட்டினால் இரண்டும் போய்விடும். 3 வாரமாவது தள்ளித் தனியாக வையுங்கள். அப்புறம் ஒரு வாரம் நடுவில் கம்பிவலை. சேர்த்த பிறகும் யார் பெரியவள் என்று முடிவாகும்வரை கொத்திக்கொள்ளும். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள். தீனித்தட்டு இரண்டு வேண்டும். உருவம் ஒத்த கோழியாக இருப்பது நல்லது.

நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். புதியவள் தெருப்பக்கக் கூண்டில் இருக்கிறாள். அவள் குரலுக்குக் கொல்லையிலிருந்து பதில் வரத் தொடங்கிவிட்டது.