ஒரே பார்சல், நான்கு செடி, நான்கிலும் ஏமாந்தேன்

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றுமில்லை. பதினைந்து வருஷமாகத் தோட்டம் வைத்திருக்கிறேன், பதியன் போடத் தெரியும், ஒட்டுக் கட்டத் தெரியும், யாராவது ஒரு இலையைக் கொண்டுவந்து காட்டினால் பெயர் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டோம் என்ற கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் நாலு வருஷம் முன்பு, அழகான படங்கள் போட்டு விற்ற ஒருவரிடம் நான்கு செடிகளை மொத்தமாக வாங்கினேன். எவ்வளவு பணம் கொடுத்தேன் என்று இங்கே சொல்லப் போவதில்லை, வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை.

செருப்பு சைஸ் மாறி வந்தால் காலில் மாட்டின அன்றைக்கே தெரிந்துவிடும். செடி அப்படி இல்லை. பார்சல் வந்த மூன்று நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த விதி. நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் அந்த நான்கு செடிகளும் தாங்கள் யார் என்று எனக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட காலம், வேகமானதற்கு ஆறு மாதம், மெதுவானதற்கு நாலு வருஷம். விற்கிறவருக்கு இது நன்றாகவே தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் ஒரு இளஞ்சிவப்பு ஃபிலோடெண்ட்ரான், இலையின் அழகுக்காக வளர்க்கும் செடி. 'பிங்க் பிரின்சஸ்' என்று ஒரு ரகம் உண்டு, ஃபிலோடெண்ட்ரான் எருபெசென்ஸ் இனத்தில் வந்தது, கரும்பச்சை இலையில் யாரோ பெயின்ட் தெளித்த மாதிரி ரோஸ் நிறத் திட்டுகள் இருக்கும். எனக்கு அதுதான் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன். வந்த செடியில் மேலே நாலு இலை முழுக்க முழுக்க ரோஸ், ஒரு திட்டு, ஒரு பச்சைக் கோடு கிடையாது. படத்தை விட அழகாக இருந்தது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது மாதம் வந்த குருத்து பச்சை. அடுத்ததும் பச்சை. அவரிடம் கேட்டேன். "சிஸ்டர், வெளிச்சம் பத்தலை, இடம் மாத்துங்க" என்றார். மாற்றினேன். அடுத்த இலையும் பச்சை. "வெளிச்சம் ஜாஸ்தியாகிடுச்சு சிஸ்டர்" என்றார். மறுபடி மாற்றினேன். தொட்டியைத் தூக்கிக்கொண்டு நான் தோட்டத்தைச் சுற்றி வந்ததைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எட்டாவது மாதம் பழைய ரோஸ் இலைகளும் மெல்ல மெல்லப் பச்சையேறி, செடி முழுக்கச் சாதாரணப் பச்சை ஃபிலோடெண்ட்ரானாக நின்றது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். அது 'பிங்க் காங்கோ' என்ற பெயரில் விற்கப்படும் சமாச்சாரம். நிறம் அந்தச் செடியின் குணமே இல்லை, இளம் செடிக்கு ரசாயனம் கொடுத்துக் கொஞ்ச காலத்துக்கு இலையை நிறம் மாற வைக்கிறார்கள், மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் பச்சைக்குத் திரும்பிவிடும். வெளிச்சமும் உரமும் இதில் ஒன்றும் செய்யாது.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. ரோஸாக இருக்கும் இடத்தில் பச்சையம் இல்லை, அங்கே உணவு தயாராகாது. எல்லா இலையும் முழு ரோஸாக இருக்கும் செடி எதைத் தின்று வளரும்? உண்மையான பிங்க் பிரின்சஸில் ஒரு இலை போல இன்னொரு இலை இருக்காது, தண்டிலும் காம்பிலும்கூட ரோஸ் கீற்று ஓடும். மேலே மட்டும் பூசின மாதிரி ரோஸ், கீழே இருக்கும் பழைய இலைகளும் தண்டும் சுத்தப் பச்சை என்றால் வாங்காதீர்கள்.

இரண்டாவது, 'மான்ஸ்டெரா ஒப்ளிகுவா' என்று வந்தது. இதில் மட்டும் அவரைப் பாதி மன்னித்துவிட்டேன், ஏனென்றால் விற்கிறவர்களில் பாதிப்பேருக்கே இந்த வித்தியாசம் தெரியாது. ஓட்டை ஓட்டையான இலையோடு எங்கும் கிடைக்கும் கொடியின் பெயர் மான்ஸ்டெரா அடன்சோனீ. அதற்கே 'அபூர்வ ஒப்ளிகுவா' என்று பெயர் வைத்துப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஒப்ளிகுவாவின் இலை காகிதம் போல அவ்வளவு மெல்லிசு, பெரு நாட்டு வகையில் இலையை விட ஓட்டைதான் அதிகம், ஏதோ எலும்புக்கூடு மாதிரி இருக்கும். (ஓட்டையே இல்லாத ஒப்ளிகுவாவும் காட்டில் உண்டு என்பது தனிக் கூத்து.) ரொம்ப மெதுவாக வளரும், காற்றில் ஈரம் கொஞ்சம் குறைந்தாலும் வாடும். என்னுடையதோ ஆறு மாதத்தில் பக்கத்துத் தூணில் ஏறிக் கூரையைத் தொட்டுவிட்டது. திறந்த தோட்டத்தில் இப்படிச் செழித்து ஓடினாலே அது அடன்சோனீதான் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல கொடி, எனக்கு அதன் மேல் கோபமில்லை, அதற்குக் கொடுத்த விலை மேல்தான் கோபம்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு மோசடியையும் சொல்லிவிடுகிறேன். பச்சையும் வெள்ளையும் கலந்த மான்ஸ்டெராவின் 'விதை' விற்கிறார்கள். நல்லவேளை, அதில் நான் விழவில்லை. அந்த வெள்ளை, தண்டில் இரண்டு வித செல்கள் அடுக்கடுக்காகக் கலந்திருப்பதால் வருவது, விதை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகாது. கணுவோடு (இலை தண்டில் சேரும் இடம்) வெட்டித்தான் அந்தச் செடியைப் பெருக்க வேண்டும். விதைப் பாக்கெட்டில் வெள்ளை இலைப் படத்தைப் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூன்றாவதுதான் சுத்தமான ஏமாற்று. ஹோயா கெர்ரீ, இதய வடிவ இலை உள்ள கொடி. விளம்பரத்தில் பந்தலில் படர்ந்த கொடி, கீழே 'இளம் செடி' என்று எழுத்து. வந்தது ஒரு சின்னத் தொட்டியில் நட்டு வைத்த ஒரே ஒரு இலை. சரி, இலையிலிருந்து வளர்ந்து வரும் என்று நினைத்தேன், ரணகள்ளி இலையின் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். லேசாக இழுத்துப் பார்த்தேன், பிடிப்பாக இருந்தது, வேர் விட்டிருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதி. ஆனால் வேர் வேறு, துளிர் வேறு. துளிர் விடும் மொட்டு இருப்பது கணுவில். ஹோயாவில் தண்டின் ஒரு துண்டும் கணுவும் ஒட்டியிருந்தால்தான் கொடியாகும், இல்லாவிட்டால் அந்த இலை வேரோடு, பசுமையாக, வருஷக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். சாகவும் சாகாது, வளரவும் வளராது. செத்திருந்தாலாவது மூன்று நாள் விதியில் புகார் சொல்லியிருக்கலாம்!

நான்காவது, பறவைப் பூ. ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே, ஆரஞ்சும் நீலமுமாகப் பறவைக் கொண்டை மாதிரிப் பூக்குமே, அது. ஆள் உயரத்துக்கு மேல் அதிகம் வளராது, மரம் போல அடித்தண்டு வராது என்பதால் சுவரோரம் ஒரு தொட்டியில் வைக்கத் திட்டம். நாலு இலைப் பருவத்தில் வந்தது. அந்த வயதில் இதையும் இதன் பெரியப்பா மகன் ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாயையும் பிரித்துச் சொல்வது கஷ்டம், அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ரெஜினேயின் இலை ஒடுக்கமாக, விறைப்பாக, சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். நிக்கோலாய் இலை அகலமாக, வாழை மாதிரி பளபளப்பாக இருக்கும். வளர வளரத்தான் இது கண்ணுக்குப் படும். இரண்டாம் வருஷம் இலை அகலமானபோது நான் போட்ட உரம் நன்றாக வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டேன். மூன்றாம் வருஷம் என் தலைக்கு மேல் போனது. நாலாம் வருஷம் வேர் தொட்டியை உடைத்தது. நிக்கோலாய் ஆறு மீட்டரைத் தாண்டி வளரும் மரம், ஆள் உயரம் தாண்டியும் பூக்க அவசரப்படாது, பூத்தாலும் வெள்ளையும் நீலமும்தான். ஆரஞ்சுப் பூவுக்காக நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு இப்போது சுவரோரம் ஒரு மரம்.

படத்தோடு எழுதிக் கேட்டேன். "நாலு வருஷம் கழிச்சு கேட்டா எப்படி சிஸ்டர்" என்றார், அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். அவர் கேள்வியில் தப்பு சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதைவிட மோசம். ஜாதிக்காய் கன்றை 'பெண் கன்று' என்று உறுதி சொல்லி விற்றார்கள். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, விதையில் முளைத்த கன்று எதுவென்று பூக்கும் வரை பார்த்துச் சொல்ல முடியாது, பூக்கவே ஆறேழு வருஷம் ஆகும். பெண் மரத்துக் கிளையை ஒட்டுக் கட்டின கன்றாக இருந்தால் மட்டும்தான் அந்த வாக்குறுதிக்கு அர்த்தம். அவர் கன்றில் ஒட்டின தழும்பே இல்லை, விதைக் கன்று. ஏழாம் வருஷம் பூத்தது, ஆண்.

நான் இப்போது பணம் அனுப்புவதற்கு முன், விற்பவர் கையில் இருக்கும் அதே செடியின் படத்தைக் கேட்கிறேன், தாய்ச் செடியின் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு. பக்கத்தில் அன்றைய தேதியை எழுதின காகிதத்தை வைக்கச் சொல்வேன். தண்டும் கணுவும் தெரிய வேண்டும், இலையின் அடிப்பக்கம் ஒன்று, ஒட்டுச்செடி என்றால் ஒட்டுத் தழும்பு கிட்டத்தில் ஒன்று. லத்தீன் பெயரை எழுதித் தரச் சொல்வேன், ஏனென்றால் செல்லப் பெயரை யாரும் எதற்கும் வைக்கலாம், 'மினி மான்ஸ்டெரா' என்று விற்பது மான்ஸ்டெராவே இல்லை, ராஃபிடோஃபோரா என்ற வேறு பேரினம். இவ்வளவு கேட்டால் சிலர் கோபப்படுகிறார்கள். நல்ல நர்சரிக்காரர் கேட்காமலே கணுவைக் காட்டுவார்.

ஒன்று விட்டுப்போனது. அந்தப் பார்சல் மண்ணில் வேர் மாவுப்பூச்சியும் (வேரில் சாறு உறிஞ்சும் வெள்ளைப் பூச்சி) இலவசமாக வந்தது, அது பக்கத்துத் தொட்டிகளுக்குப் போய் இரண்டு அந்தூரியத்தை முடித்துவிட்டது. எனவே புதுச் செடியை முதல் இரண்டு மூன்று வாரம் மற்றதோடு சேர்க்காதீர்கள், வேரையும் ஒருதரம் வெளியே எடுத்துப் பாருங்கள்.

அந்த ஹோயா இலை இன்னும் ஜன்னலோரத்தில் இருக்கிறது. நாலு வருஷமாக அதே ஒரு இலை, வாரம் ஒருமுறை தூசி துடைக்கிறேன்.